ஊர்ப் பெயருக்கு வேலி

பிரெஞ்சு ஒயினுக்கு உலக வர்த்தக விதி கொடுத்த காவல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும், அது மட்டும் போதுமா?

தென்காசி, ராஜபாளையம் பக்கத்திலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை திரும்பும் குடும்பத்தின் பையில் பால்கோவா பெட்டி ஒன்றாவது இருக்கும். ஆபீஸில் பக்கத்து சீட்காரருக்கு, மாடி வீட்டு மாமிக்கு, பிள்ளையின் டியூஷன் டீச்சருக்கு என்று வண்டி ஏறும்போதே பங்கு பிரித்திருப்பார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குக் கடையின் பெயர் நினைவிருக்காது. அவர்கள் கேட்டு வாங்குவது ஊரை.

அதே ஊர்ப் பெயரைத் தாங்கிய பெட்டிகள் நெடுஞ்சாலை டீக்கடைகளிலும் வெளியூர் பஸ் ஸ்டாண்டுகளிலும் அடுக்கிக் கிடக்கின்றன. எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் காய்ச்சியவைதானா என்று யாரும் கேட்பதில்லை. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இனி போலி ஒழியும் என்று ஊர் மகிழ்ந்தது. அந்தக் குறியீடு எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்று பார்ப்பதற்கு, இந்த ஊர்ப் பெயர் விஷயத்தில் நூறு ஆண்டு முன்னே போய்விட்ட ஒரு தொழிலைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அது ஒயின் தொழில்.

மலைக்கு அந்தப் பக்கம்

திராட்சை இந்த ஊருக்கு ரொம்பத் தூரமும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கிற மலையின் மறுபக்கம் தேனி மாவட்டம். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இரண்டு சரிவுகளையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. அந்தப் பக்கம் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. மலையின் ஒரு சரிவில் திராட்சை, மறு சரிவில் பால். இரண்டுமே இப்போது ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் சந்தைக்குப் போகின்றன.

ஊர்ப் பெயரையே சொத்தாக்கிக் காட்டியவர்கள் பிரான்ஸின் பர்கண்டிப் பகுதி விவசாயிகள். அங்கே புலின்யி என்று ஒரு சின்னக் கிராமம். அதன் எல்லையில் மோன்ராஷே என்ற திராட்சைச் சரிவு; மொத்தமே சுமார் 8 ஹெக்டேர், நம் கணக்கில் 20 ஏக்கர். ஷார்டொனே திராட்சையிலிருந்து அங்கே வரும் வெள்ளை ஒயின் உலகத்தின் விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்று. அந்தச் சரிவின் புகழைப் பார்த்து 1879-ல் கிராமமே தன் பெயருடன் தோட்டத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு ‘புலின்யி-மோன்ராஷே’ ஆனது. ஊர் ஒட்டிக்கொண்ட அதே பெயருக்குப் பிற்பாடு சட்டமும் வந்தது. 1935-ல் பிரான்ஸ் ஊர்ப் பெயர்களுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. 1937-ல் மோன்ராஷே அதற்குள் வந்தது. எந்த நிலத்துத் திராட்சை, எந்த ரகம், ஹெக்டேருக்கு அதிகபட்சம் எவ்வளவு மகசூல் என்று எல்லாவற்றுக்கும் வரம்பு. வரம்பைத் தாண்டினால் பெயரைப் போட முடியாது.

அந்த ஊரின் புகழ்பெற்ற குடும்பம் லெஃப்லேவ். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கே வேரூன்றிய குடும்பம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சினியரான ஜோசஃப் லெஃப்லேவ், பூச்சித் தாக்குதலில் நொடித்துப்போன நிலங்களை வாங்கிச் சேர்த்துப் பண்ணையை மீட்டார். இன்று அவர்களிடம் சுமார் 24 ஹெக்டேர் இருக்கிறது. அதில் மோன்ராஷே சரிவில் அவர்களுக்குச் சொந்தம் வெறும் 20 சென்ட். வருஷத்துக்கு ஒரு பீப்பாய், முந்நூறு புட்டிக்கு முன்பின்னாக வரும். ஒரு புட்டி லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது.

பெயருக்குச் சட்டம், பெயருக்குப் பணம், இரண்டும் இருந்தும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கட்டத்தில் வயிற்றில் புளி கரைந்தது. பல பத்தாண்டுகள் கொட்டிய உரமும் பூச்சிமருந்தும் மண்ணைச் சாகடித்துக்கொண்டிருந்தன. பர்கண்டி மண்ணில் சகாராப் பாலைவனத்தைவிட உயிர் குறைவு என்று குளோத் பூர்கின்யோன் என்ற மண்ணியலாளர் எச்சரித்திருந்தார். 1990-ல் பண்ணைப் பொறுப்புக்கு வந்த ஆன்-குளோத் லெஃப்லேவ், சில துண்டு நிலங்களில் ரசாயனம் இல்லாமல் பயிர் செய்து பார்த்தார். விளைந்த ஒயின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்த்தார். 1997-க்குள் மொத்தப் பண்ணையும் அந்த வழிக்கு மாறியது. 2015-ல் அவர் இறந்தபோது, அவரைப் பார்த்து மண்ணுக்குத் திரும்பிய பண்ணைகள் பல இருந்தன.

புட்டியில் இருக்கும் பெயரை ஊரார் திருடாமல் சட்டம் பார்த்துக்கொண்டது. பெயருக்குக் கீழே இருக்கும் மண் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது அந்தச் சட்டத்தின் வேலையாக இல்லை. அதைக் குடும்பம் செய்தது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம்.

பாலும் சீனியும்

வடக்கே கோவா என்றால் பெரும்பாலும் எருமைப் பால். ஸ்ரீவில்லிபுத்தூரில் பசும்பால். பாலையும் சீனியையும் தவிர வேறெதுவும் சேராது. ஏலக்காய்கூட வேண்டாம் என்பார்கள். அகலமான சட்டியில் பாலை ஊற்றி, விறகடுப்பில் வைத்து, சீனி சேர்த்து, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்போதுதான் அந்த வெளிர் பழுப்பு நிறமும் லேசான காய்ந்த பால் வாசமும் வரும். பழுப்பு கொஞ்சம் கூடினால் கசப்பு. கொஞ்சம் குறைந்தால் பச்சைப் பால் நெடி. இறக்கும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது. கரண்டியில் ஏறும் கனம் சொல்லும். இதற்குப் பெயர் பதம். அதைக் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும்.

கணக்கு ரொம்ப எளிது. சுமார் 10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சீனி, கிடைப்பது மூன்றரைக் கிலோவுக்கு முன்பின். பசும்பாலில் எட்டில் ஏழு பங்கு தண்ணீர். 10 லிட்டரில் திடப்பொருள் ஒன்றேகால் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அதற்குச் சமமாகச் சீனி. மீதி ஒரு கிலோ, வெளியேறாமல் தங்கிய ஈரம். அந்த ஈரத்தால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. அதனால்தான் சில நாட்களுக்கு மேல் வெளியில் வைத்தால் கெடவும் செய்கிறது.

ஏமாற்றுகிறவனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். சீனியைக் கூட்டினால் எடை கூடும், செலவு குறையும். சீக்கிரம் இறக்கினால் தண்ணீரையே விற்கலாம். பால் பவுடரும் வனஸ்பதியும் மைதாவும் சேர்ந்தால் பசு மாடே வேண்டாம். பால் லிட்டர் 38 ரூபாய், சீனி கிலோ 45 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால்கூட, ஒரு கிலோ கோவாவில் இருக்கும் பாலும் சீனியும் மட்டுமே 120 ரூபாயைத் தாண்டும். விறகு, கூலி, வாடகை, பெட்டி, லாரி எல்லாம் அதற்கு மேல். அந்த விலையை ஒட்டி ஒரு கிலோ பெட்டி எங்காவது விற்றால், அதில் குறைந்திருப்பது லாபம் என்று நம்புவதற்கு நாம் அத்தனை வெகுளி இல்லை.

குடும்பங்களும் சொசைட்டியும்

பால்கோவா கோயில் பிரசாதமாகத் தொடங்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆண்டாளும் வடபத்ரசாயியும் இருக்கும் ஊர், ஆடிப்பூரத் தேருக்கு ஊரே திரளும் ஊர் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் கடைப் பண்டமாக அது எழுந்தது பிந்தித்தான், 1940-களில். வடக்கிலிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திர சிங் குடும்பம் ஒன்று கோயிலுக்குப் பக்கத்தில் போட்ட கடைதான் ஆரம்பம் என்பது ஊரில் சொல்லிவரும் வரலாறு. அல்வாவுக்குப் பேர்போன திருநெல்வேலி இருட்டுக் கடையை நடத்துவதும் வடக்கிலிருந்து வந்த சிங் குடும்பம்தான். தென் மாவட்டங்களின் இரண்டு பெரிய இனிப்புகளை நமக்குப் பழக்கியவர்கள் வந்தேறிய கைகள். ‘மண்ணின் பண்டம்’ என்று பெருமையடிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பண்டம் ஊர் முழுக்கப் பரவியதற்குக் காரணம் பால். கிழக்கே கரிசல், மேற்கே மலையடிவாரம். பிளவக்கல் அணையும் கண்மாய்களும் நனைக்கிற வயல்களிலிருந்து வைக்கோல். மழை தவறினால் பயிர் பொய்க்கும், மாடு பொய்க்காது. எனவே வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு கறவை. கூட்டுறவு பால் சங்கங்கள் வளர்ந்த பிறகு பால் பெருகியது. விற்றது போக மிஞ்சிய பாலைக் காய்ச்சிக் கோவாவாக்கினால் கெடாமல் காசாகும். ஊரின் கூட்டுறவுச் சங்கமே பால்கோவா செய்து விற்கத் தொடங்கியது. அதைச் சுற்றித் தனியார் குடும்பக் கடைகள் பெருகின. அப்பா கிண்டிய சட்டியை மகன் கிண்டுகிறான். கல்லாவில் அண்ணி உட்கார்ந்திருக்கிறார். பார்சல் கட்டுவது மாமன் மகன். ஒன்று தெருவைக் கலக்கும் பெரிய கடை, இன்னொன்று திண்ணையில் போட்ட பெஞ்சு. ஆனால் ஒரே பெயரைத்தான் இருவரும் விற்கிறார்கள்.

இதுதான் லெஃப்லேவ் குடும்பத்துக்கும் இவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். அங்கே நிலமும் திராட்சையும் பீப்பாயும் ஒரே கையில். இங்கே மாடு ஒரு கையில், சட்டி இன்னொரு கையில். பண்டத்தின் புகழ் சட்டி வைத்திருப்பவருக்கு வந்து சேர்கிறது. மாடு வைத்திருப்பவருக்குக் கொழுப்புச் சதவீதத்தைப் பார்த்து எழுதிய ரசீது வருகிறது.

பத்து கிலோமீட்டரில் இன்னொரு பெயர்

ராஜபாளையம் பக்கத்தில்தான். அங்கே குடும்பத் தொழில் என்பது ஊரின் ரத்தத்திலேயே ஓடுகிறது. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் ராம்கோ குழுமமாக வளர்ந்தது ஒரு கதை. அய்யனார் கோயில் பக்கம் மலையை ஒட்டிப் பரம்பரையாக வைத்திருக்கும் மாந்தோப்புகள் இன்னொரு கதை. தட்டையாக இருக்கும் சப்பட்டை, நிறம் காட்டும் பஞ்சவர்ணம் என்று ரகங்கள். சித்திரை பிறந்தால் ராஜபாளையம் மாம்பழத்துக்கென்று காத்திருப்பவர்கள் மதுரை வரை இருக்கிறார்கள்.

ஒயின் தோட்டத்துக்கு மிக நெருக்கமானது உண்மையில் இந்தத் தோப்புதான். குடும்பத்துக்குச் சொந்தமான நிலம், வயதான மரங்கள், மலையின் ஈரம், வருஷத்துக்கு ஒரே அறுவடை. ஒரு வருஷம் கிளை முறியக் காய்த்த மரம் அடுத்த வருஷம் கையை விரிக்கும். காட்டு யானை வந்தால் மரமே போகும். பன்றியும் குரங்கும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். இதனால் பலர் தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். குத்தகைதாரருக்கு மரத்தோடு உறவு ஒரே சீசன். விலை இருக்கும்போதே பறித்துவிட வேண்டும் என்ற அவசரம். பழுக்காத காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது 2011-லிருந்து உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்யப்பட்டிருக்கிறது; அந்தக் கல் சந்தையிலிருந்து இன்னும் முழுதாகப் போகவில்லை.

மண்டியில் இறங்கியதும் எந்தத் தோப்பின் பழம் என்ற விவரம் அழிந்துவிடுகிறது. எல்லாமே ‘ராஜபாளையம் பழம்’. முப்பது வருஷம் மரத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்தவரும் பூவில் வாங்கிப் பிஞ்சில் பறித்தவரும் ஒரே விலைப் பலகைக்குக் கீழே நிற்கிறார்கள். நல்லதைச் செய்கிறவருக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் வரவில்லை என்றால், அவர் பிள்ளை தோப்பை வீட்டு மனையாகப் பிரித்து விற்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

வேலியின் உயரம்

இனி சட்டத்துக்கு வருவோம். ஒயினுக்கும் பால்கோவாவுக்கும் உலகம் ஒரே வேலியைப் போடவில்லை.

1995-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. 22-ஆவது பிரிவு எல்லாப் பண்டங்களுக்கும் பொது. வாங்குகிறவரை ஏமாற்றும்படி ஊர்ப் பெயரைப் போட்டால்தான் தப்பு. ஏமாந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியது புகார் செய்கிறவரின் பாடு. 23-ஆவது பிரிவு ஒயினுக்கும் மதுபானங்களுக்கும் மட்டும். அதில் ஏமாற்றம் நடந்ததா என்ற கேள்வியே இல்லை. ‘அந்த வகை’, ‘அந்த மாதிரி’ என்று ஒப்புக்கொண்டே அச்சடித்தாலும் தப்பு. மோன்ராஷே மாதிரி ஒயின் என்று எழுத முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டைல் பால்கோவா என்று வெளிநாட்டில் எழுதினால் வழக்கு நீண்டு போகும். இந்த உயர்ந்த வேலியை மற்றப் பண்டங்களுக்கும் நீட்ட வேண்டும் என்று பாஸ்மதியையும் டார்ஜிலிங் தேயிலையையும் முன்வைத்து இந்தியா நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. இன்னும் கிடைக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலைக்கு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய், பழனிப் பஞ்சாமிர்தம், மணப்பாறை முறுக்கு எல்லாம் இன்று இந்தப் பட்டியலில் இருக்கின்றன. பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். போலியாகப் பெயரைப் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டால் ஊரில் உள்ள எல்லாக் கடைக்கும் அது தானாக வந்துவிடாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனியாக ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். திண்ணைக் கடைக்காரருக்கு அந்தப் படிவமே ஒரு மலை. பெரிய கடை பதிவு செய்துகொள்ளும். அப்படிப் போனால், வெளியூர்ப் போலியைத் துரத்தப் போட்ட வேலி, உள்ளூர்ச் சின்னவர்களை வெளியே நிறுத்திவிடும்.

அடிமட்டத்தில் இருக்கும் ஓட்டை

இப்போது சட்டத்துக்கு வெளியே உள்ள விஷயம். ஊர்ப் பெயரை எத்தனை உயரமாக வேலி போட்டுக் காத்தாலும், உள்ளே பசு இல்லாமல் போனால் என்ன காக்கிறோம்?

பால் ஊற்றுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் சிறு குடும்பங்கள். விடியக்காலை கறந்து சொசைட்டிக்குத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் பெண்கள். மேய்ச்சல் நிலம் மனைகளாகிவிட்டது. மலையடிவாரம் காப்பகமானதும் அங்கே மாடு ஓட்ட முடியாது. காட்டுக்கு அது நல்லது, மாட்டுக்காரருக்கு இன்னொரு செலவு. புண்ணாக்கும் தவிடும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். மாடு வற்றியிருக்கும் மாதங்களிலும் அதற்குத் தீனி நிறுத்த முடியாது. பசும்பாலுக்கு ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. இந்தக் கணக்கு கட்டாமல் ஒருவர் மாட்டை விற்றுவிட்டால், கோவாக் கடைக்காரர் அடுத்த மாவட்டத்துப் பாலை வண்டியில் இறக்கிக் காய்ச்சலாம். பெட்டியில் பெயர் மாறாது. மாறியது என்ன என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ருசி மட்டும் மெல்ல நழுவும்.

லெஃப்லேவ் குடும்பம் மண்ணைப் பார்த்துப் பயந்ததுபோல நாம் மாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டிய இடம் இது. செய்யக்கூடியவை பெரிய வித்தைகள் அல்ல. கோவாவுக்குப் போகும் பாலுக்கு, சாதாரண விலையைவிடக் கூடுதலாகச் சில ரூபாய் என்று கடைகளும் சங்கமும் கூடி ஒப்புக்கொள்ளலாம். கிலோவுக்கு மூன்று லிட்டர் பால் ஆகிறது. லிட்டருக்கு 5 ரூபாய் கூட்டினால் கிலோவுக்கு 15 ரூபாய். பெட்டி வாங்கிச் சென்னை போகிறவருக்கு அது பெரிய பாரமில்லை; மூன்று மாடு வைத்திருப்பவருக்கு அது மாதக் கடைசியில் புண்ணாக்குக் கடனை அடைக்கும் காசு. எந்தச் சங்கத்துப் பால், எந்தத் தேதியில் கிண்டியது, பயனர் பதிவு எண் என்ன என்று பெட்டியில் அச்சடிக்கலாம். பதிவுப் படிவத்தை நிரப்பச் சின்னக் கடைகளுக்கு மாவட்ட நிர்வாகமே ஒரு முகாம் போடலாம். ராஜபாளையம் தோப்புக்காரர்கள் மண்டிக்கு வெளியே, தோப்பின் பெயரிலேயே சப்பட்டையைப் பெட்டி போட்டு அனுப்பிப் பார்க்கலாம்.

இது எல்லாவற்றையும் அரசாங்கம்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. ஆடிப்பூரத்துக்கு வருகிறவரும் விடுமுறை முடிந்து ரயில் ஏறுகிறவரும் கல்லாவில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: பால் எந்த ஊருங்க? முதல் ஆளுக்குக் கடைக்காரர் சிரித்துச் சமாளிப்பார். பத்தாவது ஆளுக்கு விசாரித்துச் சொல்வார். நூறு பேர் கேட்டுவிட்டால் அடுத்த மாதப் பெட்டியில் பதில் அச்சாகி வரும். அச்சிட்ட பிறகு அவர் அந்த ஊர்ப் பாலைத்தான் வாங்கியாக வேண்டும். வாங்க வேண்டுமென்றால் மாட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையும் கொடுத்தாக வேண்டும்.